மதுரைக்கு நேர் வடக்கே ஒரு மலையடி ஊர்

(காட்சி: இந்திய வரைபடம். மதுரை மேல் ஒரு பென்சில் முனை.)

மதுரையில் பென்சிலை வையுங்கள். அப்படியே நேர் வடக்கே கோடு இழுங்கள். ஆக்ராவை உரசிக்கொண்டு போய், இமயமலை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு ஊரில் முட்டும். அதுதான் டேராடூன். இரண்டு ஊருமே ஏறக்குறைய 78 டிகிரி தீர்க்கரேகையில் இருக்கின்றன. இந்தக் கோட்டை ஒட்டித்தான் தென்கோடியிலிருந்து இமயம் வரை இந்த நாட்டை அளந்தார்கள். அந்த வேலை ஆரம்பித்தது நம்ம பரங்கிமலையில்!

வணக்கம், மயூர் விஹாரிலிருந்து பேசுகிறேன். டெல்லியில் நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் தாஜ்மஹால், ஹரித்வார், அப்புறம் மசூரி. டேராடூனில் டாக்ஸி மாறுவதோடு சரி. இந்த முறை மாமா வந்தார். தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருக்காகவே இரண்டு நாள் டேராடூனில் தங்கினோம்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெற்கே சிவாலிக் குன்றுகள், வடக்கே மசூரி மலை, கிழக்கே கங்கை, மேற்கே யமுனை. நடுவில் இருக்கும் பள்ளத்தாக்குதான் டூன். ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் எப்படியோ, மசூரிக்கு டேராடூன் அப்படி. உயரம் சுமார் 640 மீட்டர்தான், அதனால் மே மாதம் போனால் நன்றாகவே வேர்க்கும். ஆனந்த் விஹாரில் வந்தே பாரத் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

(காட்சி: பரங்கிமலைப் படிக்கட்டு.)

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. 1802. வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைப் பக்கம் சமவெளியில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோடு அளக்கிறார். கையில் 100 அடி இரும்புச் சங்கிலி. வெயிலில் இரும்பு நீளும் இல்லையா? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு, பக்கத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். அந்த ஒரு கோட்டுக்கு 57 நாள்! இதைச் சொன்னதும் மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "செயின் பிடித்தவனுக்குத்தான்டா அந்த வெயில் தெரியும்" என்றார்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் போதும், மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். அப்படிக் கண்டுபிடித்த ஒரு பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. முதல் கோடு பிசகினால் கடைசி வரை பிசகும்.

கோணம் பார்க்க உயரமான இடம் வேண்டும். தஞ்சாவூர் டெல்டாவில் மலைக்கு எங்கே போவது? கோயில் கோபுரங்கள்தான்! 1808இல், கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டித் தூக்கினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வளைந்துபோனது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து, கருவியில் கோணம் குறித்திருந்த, வளைந்துபோன வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ராஜராஜன் கட்டிய விமானம், இமயத்தை அளந்த கதையிலும் வருகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை, இதை ஏன் நமக்குப் பள்ளிக்கூடத்தில் யாருமே சொல்லவில்லை?

1823இல் லாம்ப்டன் இறந்தார். அவருக்கு உதவியாளராக இருந்த ஜார்ஜ் ஈவரெஸ்ட் அந்த முக்கோணங்களை டூன் பள்ளத்தாக்கு வரை கொண்டுவந்து சேர்த்தார். அப்புறம் ராதாநாத் சிக்தர் என்ற வங்காளிக் கணித அறிஞர், மிகத் தொலைவிலிருந்து எடுத்த கோணங்களை வைத்து, பெயரில்லாத 15ஆம் எண் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். 29,002 அடி. இன்றைய அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் சுமார் 9 மீட்டர்தான்! சிகரத்துக்கு ஈவரெஸ்ட்டின் பெயரை வைத்தார்கள். சிக்தரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, நீங்கள் போனால் எங்கே போவது? நாட்டின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் தலைமையகம் டேராடூனில்தான் இருக்கிறது. ஈவரெஸ்ட் வாழ்ந்த வீடு மேலே மசூரியில், ஹாத்திபாவ் பக்கம். ஒரு பக்கம் டூன் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், வானம் தெளிந்திருந்தால் மறுபக்கம் பனிமலை. டேராடூனில் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் செங்கல் மாளிகையையும் விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் மட்டும் வேண்டாம், மலைச்சாலையில் மண் சரியும்.

(காட்சி: ஈவரெஸ்ட் வீட்டு வாசல். மாமா தெற்கே பார்த்து நிற்கிறார்.)

சென்னையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பரங்கிமலையில் லாம்ப்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. போய் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மாமா மசூரியில் நிற்கிற இந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.