கைக்குழந்தையோடு விமானப் பயணம்: லவுஞ்சுக்குப் பணம் கட்டலாமா?

நேயர்களுக்கு என் வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கும் காலத்தில், சுங்கை சிப்புட்டில் நான் நடத்திவரும் பயணச்சீட்டுக் கடைக்கு வரும் இளம் பெற்றோர்கள், சென்னைக்கோ திருச்சிக்கோ சீட்டை உறுதிப்படுத்திய கையோடு, சற்றுத் தயங்கித்தான் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள். விமான நிலையத்தில் லவுஞ்ச் என்று ஓர் ஓய்வுக்கூடம் இருக்கிறதாமே, கைக்குழந்தையோடு போகிற நாங்கள் அதற்குப் பணம் கட்டலாமா, அல்லது அது வசதி படைத்தவர்களுக்கு மட்டுமான இடமா என்பதே அந்தக் கேள்வி. உரை நிகழ்த்த வானொலி நிலையத்தார் அழைத்தபோது, கடை மேசையில் அரைகுறையாகச் சொல்லிவரும் பதிலை இங்கே முழுமையாகச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

தலைநகரில் குடியிருப்பவர்களுக்கு இது பெரிய யோசனைக்குரிய விஷயம் இல்லை. நமக்கோ இங்கிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங் வரை 300 கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான தூரம். நெரிசல் இல்லாத நாளிலேயே மூன்றரை மணி நேரம் ஆகும். லிந்தாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு அதற்கும் மேலே. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் எங்கே வாகனங்கள் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் எல்லோரும் முன்கூட்டியே கிளம்புகிறார்கள். ஆகவே விமானம் புறப்பட ஐந்து மணி நேரம் இருக்கும்போதே முனையத்தின் வாசலில் பெட்டிகளோடு இறங்கிவிடுகிறார்கள். விமானத்தில் சென்னை நான்கு மணி நேரத் தூரம்தான். அந்த நான்கு மணி நேரத்தைவிடத் தரையில் கழிகிற நேரமே குழந்தையை அதிகமாகக் களைப்படையச் செய்கிறது.

லவுஞ்ச் குழந்தைகளை மனத்தில் வைத்து உருவான இடம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டில் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் திறந்த அட்மிரல்ஸ் கிளப்பிலிருந்துதான் விமான நிறுவன ஓய்வுக்கூடங்களின் வரலாறு தொடங்குகிறது. தொடக்கத்தில் நிறுவனம் அழைத்த முக்கியப் புள்ளிகளுக்கு மட்டுமே அங்கே அனுமதி இருந்தது. மதுவும் செய்தித்தாளும் சாய்வு நாற்காலியும் அங்கிருந்து வந்தவையே. எந்த விமானத்தில், எந்த வகுப்பில் போனாலும் காசு கொடுத்தால் உள்ளே வரலாம் என்ற ஏற்பாட்டைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் சோங் ஹோய் சீ என்ற மலேசியர். வங்கித் துறையை விட்டு விலகிச் சொந்தத் தொழில் தொடங்கி, சாதாரண வகுப்பில் பறக்கத் தொடங்கியபோது லவுஞ்சின் கதவு தமக்கு அடைபட்டுப் போனதை உணர்ந்த அவர், 1998இல் பிளாசா பிரீமியம் நிறுவனத்தைத் தொடங்கி, ஹாங்காங்கிலும் கோலாலம்பூரிலும் முதல் கூடங்களைத் திறந்தார். சிப்பாங்கில் நம்முடைய அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். இன்று நம்மைப் போன்றவர்கள் உள்ளே போக முடிவதற்கு அந்த ஏற்பாடே வழி. ஆனால் கூடத்தின் அமைப்பு இன்னும் மடிக்கணினியோடு தனியாக வரும் பயணியையே எதிர்பார்க்கிறது. குழந்தைகளுக்கென்று தனி அறை ஒதுக்கியிருக்கும் இடங்கள் மிகக் குறைவு என்பதால், பதிவு செய்யும் முன்பே அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை உங்களோடு இருந்து, குடிநுழைவுச் சோதனை முடிந்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தால், அந்தப் பணம் வீண் போகாது. அதற்குக் குறைவான நேரம் என்றால் கூடத்தைத் தேடிப் போவதும், இடம் பிடிப்பதும், திரும்ப நடப்பதுமாகவே பொழுது கழிந்துவிடும்.

முன்கூட்டியே வந்து சேர்கிற நம் வழக்கம் இங்கேதான் இடறுகிறது. பெரும்பாலான கூடங்கள் விமானம் புறப்பட மூன்று மணி நேரத்துக்கு முன்புதான் அனுமதிக்கின்றன. தங்கும் நேரமும் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெட்டிகளை ஒப்படைக்கும் முகப்பும் பல நிறுவனங்களுக்கு ஏறக்குறைய அதே நேரத்தில்தான் திறக்கிறது. எனவே ஐந்து மணி நேரம் முன்னதாக வருகிறவருக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்கு லவுஞ்ச் உதவாது. அந்த நேரத்தை முனையத்தில் செலவழிப்பதைவிட, தாப்பா ஓய்வு நிலையத்தில் வண்டியை நிறுத்திப் பசியாறி, குழந்தையைப் புல்தரையில் ஓடவிட்டு, ஈரமான உடையை மாற்றி அழைத்து வருவது நல்லது என்று நான் எப்போதும் சொல்வேன். ஓடிக் களைத்த குழந்தை வரிசையில் நிற்கும்போது அடம்பிடிப்பது குறையும்.

அடுத்து, பணக் கணக்கு. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குப் பல கூடங்களில் கட்டணம் கிடையாது; அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சில இடங்களில் குறைந்த கட்டணம், சில இடங்களில் முழுக் கட்டணம். கடன்பற்று அட்டை இருந்தால் இலவசம் என்று பலர் நம்பி வருகிறார்கள். அட்டைக்கு ஆண்டுக்கு இத்தனை முறை என்ற வரம்பு உண்டு. சில வங்கிகள் குறிப்பிட்ட தொகைக்குச் செலவு செய்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை வைக்கின்றன. பெரும்பாலும் அட்டையின் முதன்மை உரிமையாளருக்கு மட்டுமே அந்தச் சலுகை. நம் குடும்பங்களில் அட்டை அப்பாவின் பெயரில் இருக்கிறது, குழந்தையோ அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. அப்பா மட்டும் உள்ளே போய்ச் சாய்ந்துகொள்ள, அம்மா வெளியே தள்ளுவண்டியோடு உலாவுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயணம் திருச்சி வரை எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுதோறும் 25 வெள்ளி (ரிங்கிட்) சேவை வரி இருப்பதால், லவுஞ்சுக்காகவே புதிய அட்டை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு பெரியவர்களும் ஒரு பிள்ளையும் கட்ட வேண்டிய தொகையை, அதே மூவரும் முனையத்தின் உணவகத்தில் சாப்பிட்டால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீதியாக நிற்கும் வேறுபாடுதான் உட்காரும் இடத்துக்கும் வெந்நீருக்கும் சுத்தமான கழிவறைக்கும் நீங்கள் தரும் விலை.

அவற்றில் வெந்நீரையே நான் முதலிடத்தில் வைப்பேன். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு மாவைக் கரைக்கும் நீர் 70 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் இருக்க வேண்டும் என்றும், கரைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பால்மாவில் இருக்கக்கூடிய கிருமிகள் அந்த வெப்பத்தில்தான் அழிகின்றன. வீட்டிலிருந்து புறப்படும்போதே கரைத்து எடுத்துவரும் பால், சிப்பாங் வந்து சேர்வதற்குள் அந்த இரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. ஆகவே அளந்த மாவைத் தனித்தனி டப்பிகளில் எடுத்துக்கொண்டு, காலியான சுடுநீர்க் குடுவையோடு சோதனையைக் கடந்து, லவுஞ்சின் காப்பி இயந்திரத்தில் கொதிநீர் பிடித்துக்கொள்வதே சரியான முறை. கரைத்த பாலைக் கையில் பட்டால் சுடாத அளவுக்கு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்பதைத் தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கைப்பெட்டியில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியில் குழந்தைப் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் பயணத்துக்குத் தேவையான அளவில் விலக்கு உண்டு. அவற்றைத் தனியே எடுத்துக் காட்டினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கூடத்தில் நேரமும் இடமும் கிடைக்கின்றன என்பதற்காகக் குழந்தைக்கு வயிறு முட்டப் பால் கொடுத்துவிடாதீர்கள். விமானம் இறங்கத் தொடங்கும்போது உள்ளே காற்றழுத்தம் உயர்கிறது; மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் இரு பக்கமும் அழுத்தம் சமனாகும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் சாய்வு குறைந்தும் இருப்பதால் எளிதில் திறப்பதில்லை, விழுங்கும்போது திறக்கிறது. தரையைத் தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே குழந்தை எதையாவது உறிஞ்சி விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். லவுஞ்சில் வயிறு நிறைந்த குழந்தை அந்த நேரத்தில் புட்டியைத் தள்ளிவிட்டு அழும். ஆகவே கூடத்தில் பாதி, ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

பெரிய பிள்ளைகளுக்கு வேறு கவனம் வேண்டும். உணவு வரிசையில் விரும்பியதை எடுக்கலாம் என்றதும் அவர்கள் கை முதலில் நுரைத்துப் பொங்கும் இனிப்புப் பானத்துக்கே போகும். பறக்கும் விமானத்தின் உட்புற அழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். அங்கே வயிற்றிலுள்ள வாயு கால் பங்குக்கு மேலும் விரியக்கூடும். வயிற்று வலி என்று வானத்தில் அழும் பிள்ளைக்குத் தரையிலேயே வினை விதைக்கப்பட்டிருக்கிறது. சூடான கஞ்சி, சோறு, ரொட்டி போன்றவை போதும். நாசி லெமாக்கிலும் சாத்தேக் குழம்பிலும் வேர்க்கடலை இருக்கிறது. இதுவரை கடலை சாப்பிடாத குழந்தைக்கு, விமானம் ஏறப்போகிற நேரத்தில் அதை முதன்முதலாகப் பழக்க வேண்டாம்.

கூடத்துக்குள் எங்கே உட்கார்வது என்பதிலும் யோசனை வேண்டும். காப்பி இயந்திரத்துக்கும் சூடான பாத்திரங்களுக்கும் அருகில் வேண்டாம். நடைபழகும் குழந்தையின் கைக்கு அவை எட்டிவிடும். வாசலுக்கு அருகிலும் வேண்டாம். கண்ணாடிச் சுவரோரம் விமானங்கள் தெரியும் மூலையைப் பிடித்தால், காட்சி இலவசம், அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை குறைவு. குழந்தை அழுவது இயல்பு. அதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஆனால் கைப்பேசியில் சத்தமாகக் காணொளி வைத்துக் கொடுப்பதும், பெம்பர்ஸை நாற்காலியிலேயே மாற்றுவதும் பெற்றோர் செய்கிற காரியங்கள், குழந்தை செய்வதில்லை. உணவைப் பொட்டலம் கட்டி வெளியே எடுத்துப் போகவும் அனுமதி கிடையாது.

பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு ஒலிப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. திரையை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர்ஏசியா போன்ற நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பே வாயிலை மூடிவிடுகின்றன. முதல் முனையத்தில் துணைக் கட்டடத்துக்கு ஏரோடிரெயின் என்ற சிறு ரயிலில் போக வேண்டும். 2023 மார்ச்சில் நின்ற அந்தச் சேவை 2025 ஜூலையில்தான் மீண்டும் தொடங்கியது. இரண்டாம் முனையத்திலோ மேம்பாலத்தைக் கடந்து நடக்கும் தூரம் பெரியவர்களையே சோர்வடையச் செய்யும். பயணச்சீட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகக் கைப்பேசியில் அலாரம் வைத்து, அது ஒலித்ததும் கழிவறைக்கு அழைத்துப் போய்விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பணம் கட்ட விரும்பாதவர்களுக்கு விமான நிலையத்தில் குழந்தைப் பராமரிப்பு அறை இருக்கிறது. அங்கே பாலூட்டலாம், உடை மாற்றலாம். வேறு விமானம் புறப்பட்டுப் போன வாயிலின் வரிசை நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். முதல் முனையத்தின் துணைக் கட்டடத்து நடுவில் வளர்க்கப்பட்டிருக்கும் மழைக்காட்டைக் கண்ணாடி வழியே காட்டினாலும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

திரும்பி வருகிற பயணத்துக்கு என் பதில் வேறு. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகின்றன. இந்திய விமான நிலையங்களில் சீட்டு இல்லாதவர்களை முனையத்துக்குள் விடுவதில்லை என்பதால் உறவினர்கள் வாசலிலேயே விடைபெற்றுவிடுவார்கள். குழந்தையை மாற்றித் தூக்கிக்கொள்ளும் பாட்டியின் உதவியும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்நாட்டு வங்கி அட்டைகள் பலவற்றுக்கு லவுஞ்ச் சலுகை உண்டு. ஆகவே இரவு வேளையில் கூடத்தின் வாசலிலேயே வரிசை நிற்பதுண்டு. உறவினர் வீட்டிலேயே குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, இரவு உடை அணிவித்துக் கொண்டுவந்தால், தூங்கிவிட்ட பிள்ளையை விளக்கும் தட்டுச் சத்தமும் நிறைந்த கூடத்துக்குத் தூக்கிச் செல்லத் தேவையிருக்காது. வாயிலருகே உட்கார்ந்திருந்து, கைக்குழந்தை உள்ளவர்களை முதலில் அழைக்கும்போது ஏறிவிடலாம். நம் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால், இங்கே இறங்கும்போது காலை ஆகியிருக்கும். வண்டி ஓட்ட வேண்டியவர் கண் மூடியிருக்க மாட்டார். அங்கே லவுஞ்சுக்குக் கட்டாமல் மிச்சப்படுத்திய பணத்தில் சிப்பாங் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்து, அவரை இரண்டு மூன்று மணி நேரம் தூங்கவைத்துவிட்டுப் பிறகு சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்புங்கள்.

நன்றி. வணக்கம்.