அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேரலாமா?

நேயர்களுக்கு வணக்கம். இன்னும் வெளியே நிற்கும் ஒரு நாடு அண்டார்டிகா ஒப்பந்தத்தில் சேரலாமா என்பதுதான் இன்றைய கேள்வி.

1982-இல் மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது ஐ.நா. பொதுச்சபையில் ஒரு வாதத்தைக் கிளப்பினார். குடியிருப்போர் இல்லாத அண்டார்டிகா உலகத்துக்கே பொதுவானது. 1959-இல் 12 நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது என்றார். கனிமம் தோண்டினால் பங்கு யாருக்கு என்ற கேள்வியும், நிறவெறித் தென்னாப்பிரிக்கா உள்ளே இருக்கிறதே என்ற கோபமும் மலேசியாவுக்கு இருந்தன. இரண்டும் நியாயம்தான். அந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்து, அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991-இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறை, ஆராய்ச்சி தவிர மற்ற கனிம வேலைகளுக்குத் தடை போட்டது. 1994-இல் நிறவெறி ஆட்சியும் போனது. ஆனாலும் மலேசியா ஒப்பந்தத்தில் சேர 2011 அக்டோபர் ஆகிவிட்டது.

சேருவது சுலபம். ஐ.நா. உறுப்பு நாடாக இருந்தால் யார் சம்மதமும் வேண்டாம். சேர்வுப் பத்திரத்தை அமெரிக்க அரசிடம் ஒப்படைத்தால் முடிந்தது. ஆனால் அதற்குக் கிடைப்பது ஒப்பந்த நாடுகளின் கூட்டத்தில் ஒரு நாற்காலி, பேச ஒரு ஒலிவாங்கி. முடிவெடுப்பவை ‘ஆலோசனை உறுப்பினர்’ தகுதி பெற்ற 29 நாடுகள். அந்தத் தகுதிக்கு, நிலையம் அமைப்பது, ஆய்வுக் குழு அனுப்புவது என்று கணிசமான ஆராய்ச்சியைக் காட்ட வேண்டும். மாட்ரிட் நெறிமுறையையும் ஏற்றிருக்க வேண்டும். அதன்பின்னும் உள்ளே இருப்பவர்கள் ஒருமனதாகத் தலையாட்ட வேண்டும். 1988-இல் சேர்ந்த கனடாவுக்கே 2024 கொச்சிக் கூட்டத்தில் அது கிடைக்கவில்லை.

இந்தியா வேலையை முதலில் செய்தது. 1981 டிசம்பரில் முதல் ஆய்வுக் குழு கிளம்பியது. 1983 ஆகஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அடுத்த மாதமே ஆலோசனைத் தகுதி வந்துவிட்டது. மலேசியா மாட்ரிட் நெறிமுறைக்கு வந்ததே 2016-இல்தான். சேர நினைக்கும் நாடு ஒப்பந்தம், நெறிமுறை இரண்டிலும் ஒரே மூச்சில் சேருவதுதான் சரி என்பேன்.

இடறும் இடம் உள்நாட்டுச் சட்டம். ஆய்வுக் குழுவின் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கருவி உடையாமல் இருக்கத் தெர்மாகோல் மணிகளைக் கொட்டியிருந்தால் மாட்ரிட் நெறிமுறைப்படி தவறு. கிருமி நீக்காத மண் கூடாது. உயிருள்ள கோழி கூடவே கூடாது. சமையலுக்குக் கொண்டுபோகும் இறைச்சிக் கோழியிலும் வெள்ளைக்கழிச்சல் நோய் இருக்கக் கூடாது. தின்று மிஞ்சியதைத் திருப்பி எடுத்துவர வேண்டும், இல்லையேல் எரிக்க வேண்டும். கிருமி அங்குள்ள பறவைகளுக்குத் தொற்றிவிடும் என்ற பயம். இதையெல்லாம் சரிபார்த்து அனுமதிச் சீட்டு கொடுப்பது யார், மீறினால் எந்தச் சட்டத்தில் வழக்கு? பதில் இல்லாமல் சேர்ந்தால் நெறிமுறை காகிதத்தில்தான் இருக்கும். இந்தியாவே இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது 2022-இல்தான். சேர்ந்து 39 ஆண்டுகள் கழித்து!

கனிமத் தடை 2048-இல் காலாவதியாகும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. அந்த ஆண்டு முதல் ஏதாவது ஓர் ஆலோசனை உறுப்பு நாடு மறுஆய்வு மாநாடு கேட்கலாம், அவ்வளவே. மாநாட்டில் ஒரு திருத்தம் தேற, நெறிமுறையில் சேர்ந்த நாடுகளில் பெரும்பான்மை வேண்டும். 1991-இல் ஆலோசனைத் தகுதியில் இருந்தவற்றில் முக்கால் பங்கும் அதற்குள் அடங்க வேண்டும். அந்தப் பெரும்பான்மையை எண்ணும்போது சாதாரண உறுப்பு நாட்டுக்கும் ஒரு கை உண்டு. வெளியே நிற்பவருக்கு இல்லை.