133 என்னும் எண்ணுக்குப் பின்னால்: உணவில் சேரும் செயற்கை நீலம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஐஸ் மிட்டாய், ஜெல்லி, கேக்கின் மேல் பூசும் கிரீம், குளிர்பானம், மாத்திரையின் மேற்பூச்சு ஆகியவற்றில் நாம் காணும் பளிச்சென்ற நீலம், பெரும்பாலும் ‘பிரில்லியன்ட் ப்ளூ எஃப்.சி.எஃப்.’ என்னும் செயற்கைச் சாயத்திலிருந்து வருகிறது. பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் 133 என்ற எண் இருந்தால், அது இந்தச் சாயத்தையே குறிக்கும். நீலமே தென்படாத பண்டத்திலும் இது இருக்கக்கூடும். டார்ட்ரசின் என்னும் மஞ்சள் சாயத்துடன் கலந்தால் பச்சை கிடைக்கும் என்பதால், டப்பாவில் அடைத்த பட்டாணிக்கும் பச்சை மிட்டாய்க்கும் நிறம் கொடுப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

முன்பு நிலக்கரித் தாரிலிருந்து பெறப்பட்ட மூலப்பொருள்களைக் கொண்டு செய்யப்பட்ட இச்சாயம், இன்று பெட்ரோலிய மூலப்பொருள்களிலிருந்து தயாராகிறது. ‘பெட்ரோலியம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பொருள் எதிலிருந்து பிறந்தது என்பதைவிட, அது உடலுக்குள் சென்று என்ன செய்கிறது, எவ்வளவு செல்கிறது என்பவையே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் என்பது என் கருத்து.

உடலுக்குள் இது செய்வது மிகக் குறைவு. நீரில் எளிதில் கரைந்தாலும், இதன் மூலக்கூறு பெரியது. அதிலுள்ள சல்போனேட் என்னும் கந்தகம் சேர்ந்த பகுதிகள் மின்னேற்றம் கொண்டவை. ஆகவே ஆரோக்கியமான குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர்வது சொற்பமே. ஏறத்தாழ முழுவதும் மலத்துடன் வெளியேறிவிடுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இதை மறுபடி ஆராய்ந்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, தான் முன்பு வைத்திருந்த 12.5 மில்லிகிராமை 2017இல் அதே 6 மில்லிகிராமுக்குக் குறைத்துக்கொண்டது. இருபது கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு இது நாளொன்றுக்கு 120 மில்லிகிராம் ஆகும். நம் நாட்டில் பெரும்பாலான இனிப்புகளில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்பதால், விதிப்படி செய்த மிட்டாயில் அந்த அளவை எட்ட, அக்குழந்தை ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். அப்படித் தின்றால் முதலில் கவலைப்பட வேண்டியது சர்க்கரையைப் பற்றித்தான்!

ஆனால் ‘ஆரோக்கியமான குடற்சுவர்’ என்று நான் சொன்னதைச் சற்று விரிக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்வழி உணவு பெறும் நோயாளிகளுக்கு, அவ்வுணவு தவறி நுரையீரலுக்குள் போகிறதா என்று கண்டறிவதற்காக, ஒரு காலத்தில் உணவில் இந்த நீலத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்களுள் சிலருக்குத் தோலும் சிறுநீரும் நீலமாயின. இவ்வாறான 20 நிகழ்வுகளையும் அவற்றில் 12 இறப்புகளையும் சுட்டிக்காட்டி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003இல் எச்சரிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இரத்தத்தில் கிருமித்தொற்று பரவிய நிலையில் இருந்தவர்கள். இத்தகைய நோயில் குடற்சுவரின் தடுப்பு தளர்ந்துவிடுவதால், சாயம் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இறப்புக்குச் சாயமே காரணம் என்று நிறுவப்படவில்லை. எனினும், நலமாக இருப்பவருக்கு வகுத்த அளவை நோயாளிக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது அப்போது தெளிவாயிற்று.

செயற்கைச் சாயங்களால் குழந்தைகளின் துறுதுறுப்பு கூடுமா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். இதை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வை ஒட்டி ஐரோப்பாவில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமான ஆறு சாயங்களில் இந்த நீலம் இல்லை.

சட்டத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1929இல் அனுமதி பெற்ற இச்சாயம், இன்றும் ஒவ்வொரு தொகுதியாக அரசின் சோதனைக்கும் சான்றுக்கும் உட்பட்ட பின்னரே அங்கு உணவில் சேர்கிறது. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றுள் இதுவும் ஒன்று. அந்த எட்டையும்கூட எல்லா உணவிலும் சேர்க்க முடியாது. மஞ்சள் தூள், மிளகாய்த் தூள் போன்றவற்றில் அறவே கூடாது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் தடை செய்யப்பட்டது நேயர்களுக்கு நினைவிருக்கும். அங்கே பிடிபட்டது ரோடமின் பி. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம், எட்டில் ஒன்றன்று. என்னைக் கேட்டால், எண் அச்சிட்ட பொட்டலத்தைவிட, எந்தத் தூள் எவ்வளவு விழுந்தது என்று எவருக்கும் தெரியாத, எண் அச்சிடப்படாத பண்டமே அதிகக் கவனத்துக்கு உரியது.

2025 ஏப்ரலில், பெட்ரோலியத்திலிருந்து வரும் சாயங்களை நிறுவனங்கள் தாமாகவே கைவிட வேண்டுமென்று அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டது; இந்த நீலமும் அப்பட்டியலில் உள்ளது. மாற்றாக அடுத்த மாதமே, கால்டியேரியா என்னும் பாசியின் நீலத்துக்கு அனுமதி தந்தது. நம் வேலியோரச் சங்குப்பூவின் சாற்றை மேலும் பல உணவுகளில் சேர்க்கவும் இசைந்தது. ஆனால் சங்குப்பூ நீலம் எலுமிச்சைப் புளிப்புப் பட்டதும் ஊதாவாகிவிடும். ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியின் நீலமோ சூட்டில் மங்கும். புளிப்பிலும் வெப்பத்திலும் பெரிதும் மாறாமல் நிற்கும் செயற்கை நீலத்தை உற்பத்தியாளர்கள் எளிதில் விட மறுப்பதற்கு, விலையுடன் இதுவும் ஒரு காரணமாகும்.

நன்றி, வணக்கம்.