ஆற்றுத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு கணக்கு

(விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையோர ஊர் ஒன்றில், 2025 காணும் பொங்கல் மாலையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தொகுதி மக்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, கரும்பைக் கடித்துக்கொண்டே முன்வரிசையைப் பிடித்துவிட்ட பிள்ளைகளே, எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து.

ரேஷன் கடையில் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு வாங்கியிருப்பீர்கள். “போன வருஷம் ஆயிரம் ரூபாய் கொடுத்தீங்களே, இந்த வருஷம் எங்கே?” என்று அங்கே ஒரு அம்மா கேட்கிறார். இந்த ஆண்டு ரொக்கம் கிடையாதம்மா. வெள்ளம் வந்த ஊரில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். அப்புறம், 6-ம் தேதி சட்டமன்றத்தில் ஆளுநர் ஏன் உரையைப் படிக்காமல் போனார் என்று டீக்கடையில் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். அதை டிவியில் எல்லோரும் பார்த்தாயிற்று, விளக்கிச் சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் ஃபெஞ்சல் புயலிலிருந்து இன்றைக்கு வரை நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அது போதாதென்று டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையே ஆறாகிப் போனது. முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்தோம் என்று அரசு சொல்கிறது. கொடுத்திருக்கலாம். ஆனால் எச்சரிக்கை தாலுகா ஆபீஸ் வரைக்கும் வந்து நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. இந்த ஊரை எழுப்பியது மாரியம்மன் கோயில் மைக்செட். ஆடிக்குக் கட்டிய குழாயை யாரோ கழற்றாமல் விட்டிருந்தார்கள், அந்தச் சோம்பேறி யாரோ, அவருக்கு ஒரு சால்வை போடலாம். ஆற்றோர ஊர்களுக்குச் சைரன் வைக்கத் தொகுதி நிதியில் இடமுண்டா என்று ஆட்சியருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் நிவாரணம் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டது. சிக்கல் பயிர் நிவாரணத்தில்தான். 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஏக்கருக்குப் பார்த்தால் ஏழாயிரம்கூட வராது. நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் காணாது என்று எனக்கும் தெரியும். சரி, அந்தப் பணமாவது யார் கையில் போகிறது? பட்டா ஒருவர் பெயரில் இருக்கிறது. பயிர் வைத்தவர் வேறொருவர். வாய்ப்பேச்சில் குத்தகை, கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

போன வாரம் ஒரு அக்கா வந்தார். ஒன்றரை ஏக்கர் குத்தகை, நில உரிமையாளர் சென்னையில். கணக்கெடுக்க வந்தபோது பட்டாவில் இருந்த பெயரையே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். வி.ஏ.ஓ. வைத்திருக்கும் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேட்டில், சாகுபடி செய்பவர் யார் என்று எழுத ஒரு பத்தி இருக்கிறது. அது நிரப்பப்படாமல் கிடந்தது. உரிமையாளரிடம் போனில் பேசினேன். “எனக்கு அந்தப் பணம் வேண்டாம், ஆனால் குத்தகைக்காரர் பெயரை ஏற்றினால் நாளைக்கு நிலம் கைவிட்டுப் போய்விடுமோ” என்றார். இந்த ஒரு பயம்தான் இந்தத் தொகுதி முழுக்க அந்தப் பத்தியை வெற்றாக வைத்திருக்கிறது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு பருவச் சாகுபடிக்கு மட்டும் சான்று என்று எழுதித் தரச் சொல்லி, பேசிப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம். அந்த அக்காவின் பெயர் இப்போது பட்டியலில் இருக்கிறது. பணம் இன்னும் வரவில்லை, வந்ததாக நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று மணல். கரையோரக் கொல்லைகளில் நெல் தெரியவில்லை, ஆற்று மணல்தான் தெரிகிறது. வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணல் படிந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று பேரிடர் நிவாரண விதியில் இருக்கிறது, சிறு குறு விவசாயிகளுக்கு. அதை நம் ஆட்கள் பலர் கேட்கவே இல்லை. பயிர்ச் சேதம் வேறு, மணல் வேறு. இரண்டுக்கும் தனித்தனியாக மனு எழுதிக் கொடுங்கள். ஆனால் ஒன்று, வயலில் எடுத்த மணலை லாரியில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் கனிமவளச் சட்டம் வந்து நிற்கும், அப்போது என்னைக் கூப்பிட்டும் பிரயோஜனமில்லை.

தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கும். நூறு ஊருக்குப் பிரித்தால் ஊருக்கு 3 லட்சம், ஒரு தெருவுக்குச் சிமெண்ட் சாலை போட்டால் தீர்ந்தது. நான் பரிந்துரைக்கத்தான் முடியும். பொறியாளர் மதிப்பீடு போட்டு, ஆட்சியர் அனுமதி கொடுத்து, டெண்டர் விட்டுத்தான் வேலை நடக்கும். இந்த முறை உடைந்த சிறுபாலங்களுக்கும் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவருக்கும் முதலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சமுதாயக்கூடம் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது அடுத்த ஆண்டுதான். வாய்க்கால் தூர்வாருவதற்குப் பஞ்சாயத்துத் தலைவர்களைப் பிடியுங்கள். வேறு 28 மாவட்டங்களில் தலைவர்கள் பதவிக்காலம் 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. இங்கே 2021 அக்டோபரில் தேர்தல் நடந்ததால் நம் தலைவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒளிய முடியாது.

நாளை மறுநாள் ஆற்றுத் திருவிழா. சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும். வெள்ளம் கரையை அரித்ததில் போன வருஷம் முழங்கால் தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது ஆள் உயரப் பள்ளம் இருக்கிறது. கயிறு கட்டச் சொல்லியிருக்கிறேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

பேச்சு இவ்வளவுதான். நான் இப்போது கீழே இறங்கி அந்தப் புங்க மரத்தடியில் மேசை போட்டு உட்காருகிறேன். ஆதார், பாஸ்புக் நகல், இருந்தால் அடங்கல் நகல். குத்தகைக்காரர்கள் முதலில் வாருங்கள். பட்டாக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்.