செருப்போடு போகிற தூரம்

வணக்கம் நேயர்களே. கத்தோலிக்கக் குருமார் குறைந்துபோன காலத்தில் பங்கு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று பேசச் சொன்னார்கள். நான் இறையியல் படித்தவள் இல்லை. ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் 26 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவள். சுவாமி, அதாவது குரு, வர முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்தில் இறைவார்த்தை வழிபாட்டை நடத்துகிற நாலு பேரில் நானும் ஒருத்தி. அதைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை.

முதலில் ஒரு ஜேர்மன் சொல்லைச் சொல்லிவிடுகிறேன். நான் இருக்கிற ரூர் பகுதியில் வயதானவர்கள் 'பன்டோஃபெல் கிர்ஷ' என்பார்கள். பன்டோஃபெல் என்பது வீட்டுக்குள் போடுகிற செருப்பு. அந்தச் செருப்பை மாற்றாமலே போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் கோயிலுக்குத்தான் அந்தப் பெயர். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு ஆலைகளும் இரவு பகலாக ஓடிய காலம் அது. 1958 ஜனவரி 1ஆம் திகதி எசன் மறைமாவட்டம் உருவானது. அதன் முதல் ஆயர் பிரான்ஸ் ஹெங்ஸ்பாக் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள்ளேயே கோயில்களைக் கட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்து களைத்து வருகிறவன் பூசைக்கு பஸ் பிடித்துப் போகமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டுக்கு எதிரேயும் அப்படி ஒரு கோயில் இருந்தது. என் மாமி, அதாவது கணவரின் தாயார், எங்களோடு வந்து சேர்ந்தபோது அவவுக்கு 70 வயது. யாழ்ப்பாணத்துச் சில்லாலைக்காரி. பனி கொட்டுகிற நாளிலும் காலுறையோடு இறப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்துவிடுவா. முதல் மாதம் ஜேர்மன் மூதாட்டிகள் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னதில்தான் பன்டோஃபெல் கிர்ஷ என்ற சொல்லையே நான் அறிந்தேன்.

பிறகு ஒரு திருவருகைக் காலத்தில் கடிதம் வாசித்தார்கள். குருமார் போதாது, வருகிறவர்களும் குறைவு, ஆகவே ஐந்து கோயில்களும் சேர்ந்து ஒரே பங்கு, இந்தக் கட்டடம் கைவிடப்படும் என்று. கடைசிப் பூசை முடிந்ததும் நற்கருணையை வெளியே கொண்டுபோனார்கள், நித்திய விளக்கை அணைத்தார்கள். இப்போது அந்தக் கட்டடத்துக்குள் சாம்பல் கலசங்களை வைக்கிறார்கள். வாடகைக்கு.

அதற்கு முன் ஒரு பங்குக் கூட்டம் நடந்தது. மாமி பின்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் கையைச் சுரண்டினா. "பிள்ளை, சுவாமி இல்லையெண்டால் இல்லைத்தானே. அதுக்கேன் கோயிலைப் பூட்டுகினம்? இதை ஒருக்கால் அவையளிட்டக் கேள்."

நான் கேட்கவில்லை. என் ஜேர்மன் அன்றைக்கு அவ்வளவு நல்லதில்லை, வெட்கமும் இருந்தது. கேட்டிருந்தாலும் முடிவு மாறியிராது. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

அந்தக் கேள்வி மாமிக்கு எங்கிருந்து வந்தது? சில்லாலையிலிருந்து வந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினார்கள். குருவை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம், கலியாணம், முதுசச் சொத்து எல்லாமே அவர்களுடைய சபைப் பதிவோடு கட்டப்பட்டிருந்தன. சனம் அங்கே போய்ப் பெயரைப் பதிந்தது, வீட்டுக்கு வந்து செபமாலை சொன்னது. இப்படி 29 வருடம். ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, கலியாணம் முடித்து, தானும் பிள்ளை பெறுகிற காலம். அந்த முழுக் காலத்திலும் அது ஒரு பூசையைக்கூடக் கண்டிராது. மடு மாதா சொரூபத்தை 1670 அளவில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனவர்கள் சாதாரணக் குடும்பங்கள் என்றுதான் மரபு சொல்கிறது. அப்போது கூடப் போக ஒரு சுவாமி அந்தப் பக்கத்தில் இருக்கவில்லை.

1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில், வருத்தத்தோடு, யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டு, அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார் என்பார்கள். சில்லாலை அவரை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு ஏறத்தாழ 10 வருடம் அந்த முழுத் தீவுக்கும் அவர் ஒருவர்தான் சுவாமி. இன்றைக்கு எந்த மறைமாவட்டம் குருமார் பஞ்சம் என்று முறையிட்டாலும் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும்.

ஒரே ஆளாக அவர் என்ன செய்தார்? ஊர்களை ஒன்றாகக் கட்டி ஒரு பெரிய பங்கு ஆக்கவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு மூப்பரை வைத்தார், ஓர் அண்ணாவியை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை சனத்தைக் கூட்டுவது, செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிற குழந்தைக்குத் தண்ணீர் வார்ப்பது, செத்தவரை அடக்குவது, சுவாமி வருகிற நாளுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆட்களை ஆயத்தப்படுத்துவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சுவாமி வருடத்தில் ஒருமுறையோ இரண்டு முறையோ வருவார். ஆனால் மூப்பர் அடுத்த ஒழுங்கையில் இருந்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளாருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயர் தெரியாத அந்த மூப்பர்களும் கொஞ்சம் நிமிர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அவருக்குப் பிறகு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் இராகம் இழுத்து வாசிக்கிற வியாகுலப் பிரசங்கம் அவருடையது. இயேசுவின் பாடுகளைப் பற்றிய ஒன்பது பிரசங்கங்கள். அதை வாசிப்பது சுவாமி இல்லை, ஊர் ஆட்கள்தான். பிரசங்கம் வைக்க ஆள் இல்லாத ஊர்களுக்கு அவர் பிரசங்கத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார். மாமியின் தகப்பன் அதை வாசிக்கிறவர். அந்த இராகத்தை மாமி அடுப்படியில் முணுமுணுப்பா.

கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இதே வழிதான். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் ஊருக்கு ஊர், கோயில் காரியம் பார்க்கிற கணக்கப்பிள்ளையை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கரையிலிருந்து போர்த்துக்கல் அரசிக்குச் செருப்புக் காசு என்று வருடம் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அரசியிடம் கேட்டு அதை இந்தக் கணக்கப்பிள்ளைகளுக்குச் சம்பளமாக்கினார். எங்கே திரும்பினாலும் செருப்புத்தான் வந்து நிற்கிறது, என்ன செய்ய.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். உலகத்தில் ஏறத்தாழ 140 கோடிக் கத்தோலிக்கர், குருமார் 4 லட்சத்துக்குச் சற்று மேல். ஐரோப்பாவில் ஒரு குருவுக்கு 2,000 பேருக்கும் குறைவான கத்தோலிக்கர்தான் வருகிறார்கள். ஆபிரிக்காவில் 5,000க்கு மேல், தென் அமெரிக்காவில் 7,000க்கு மேல். ஆனால் குரு இல்லை, குரு இல்லை என்று ஐரோப்பாதான் சத்தமாக அழுகிறது. அழுவதில் நியாயமும் உண்டு. இங்கே உள்ள குருமாரில் நிறையப் பேர் முதியவர்கள். ஏறத்தாழ 2 கோடிக் கத்தோலிக்கர் உள்ள ஜேர்மனியில் 2024இல் புதிதாகத் திருநிலைப்பட்ட மறைமாவட்டக் குருமார் 30 பேர்கூட இல்லை.

ஆகவே பங்குகளை இணைக்கிறார்கள். எசனில் 2006க்குப் பிறகு 259 பங்குகள் 43 ஆகின. ட்ரியர் மறைமாவட்டம் 887 பங்குகளை 35 ஆக்கத் திட்டம் போட்டது. 2019 நவம்பரில் வத்திக்கான் குறுக்கிட்டு நிறுத்தியது. எத்தனை குரு இருக்கிறாரோ அத்தனை பங்கு என்பதே இந்தக் கணக்கு. யோசவ் வாஸ் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் இலங்கை முழுவதும் ஒரே பங்காகியிருக்கும், சில்லாலை சனம் பூசைக்குக் கண்டிக்கு நடந்திருக்கும்.

திருச்சபைச் சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 517ஆம் பிரிவு, குரு பற்றாக்குறையான இடத்தில் ஒரு குருவின் மேற்பார்வையில் பொதுநிலையினரும் பங்குப் பணியில் பொறுப்பேற்கலாம் என்கிறது. குரு இல்லாத ஞாயிறு வழிபாட்டுக்கு 1988இலேயே வழிகாட்டி வந்துவிட்டது. 2021 மே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான பணியாக ஏற்படுத்தினார். எங்கள் அண்ணாவிமார் 300 வருடம் முன்கூட்டியே தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். எசனில் 2022 மார்ச்சில் 17 பெண்களுக்கும் ஓர் ஆணுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும் பொறுப்பை ஆயர் கொடுத்தார். ஜேர்மனியில் அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தியை நான் வாசித்துச் சொன்னபோது மாமி ஆச்சரியப்படவே இல்லை. "எங்கட ஊரில மருத்துவிச்சியும் குடுப்பா" என்றா.

கலியாணம் முடித்தவர்களைக் குருவாக்கலாமே என்று கேட்பீர்கள். 2019 ஒக்டோபரில் அமேசன் ஆயர் மாமன்றத்தில் அதைக் கேட்டார்கள். குருவைக் காண மாதக்கணக்காக, சில வேளை வருடக்கணக்காகக் காத்திருக்கிற ஆற்றங்கரைச் சனங்களுக்காகக் கேட்டார்கள். ஆதரவாக 128 வாக்கு, எதிராக 41. பாப்பரசர் அடுத்த பெப்ரவரியில் எழுதிய மடலில் அந்தக் கதையே இல்லை. எனக்கும் இதில் ஓர் அபிப்பிராயம் உண்டு. இந்த வானொலியில் திரும்பவும் பேசக் கூப்பிட்டால் சொல்கிறேன்.

இவ்வளவும் சொன்னதால், சுவாமி இல்லாமலே எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். மாமி சாகக் கிடந்த இரவில் அது இல்லையென்று எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை. வைத்தியசாலையில் சேர்த்து மூன்றாம் நாள். பங்கில் சம்பளத்துக்கு வேலை செய்கிற ஜேர்மன் பெண்மணி ஒருவர் பின்னேரமே வந்துவிட்டார். மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தார், செபித்தார். எனக்கு ஒரு கோப்பித்தண்ணி வாங்கித் தந்ததும் அவர்தான். ஆனால் மாமி கண்ணைத் திறக்கிற நேரமெல்லாம் ஒரே கேள்விதான். "சுவாமி வந்திட்டாரோ?" அவவுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், அவஸ்தை பூசவேண்டும். அந்த இரண்டையும் குருவைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. அந்தப் பெண்மணி வாசல்பக்கம் போய் ஒவ்வோர் இலக்கமாகத் தொலைபேசி எடுத்தார்.

இரவு ஒரு மணிக்கு ஒரு சுவாமி வந்தார். தமிழ்நாட்டுக்காரர், முப்பத்தைந்து வயதுக்குமேல் இராது. அன்றைக்கு மட்டும் மூன்று இடத்தில் பூசை வைத்துவிட்டு, இருட்டில் 50 கிலோமீற்றர் ஓட்டி வந்திருந்தார். மாமியைக் குனிந்து பார்த்து, "அம்மா, நான் சாமி வந்திருக்கேன்" என்றார். மாமி அந்தத் தமிழைக் கேட்டுத் திடுக்கிட்டுவிட்டா. நாங்கள் வெளியே நின்றோம். கதவுக்கு அந்தப் பக்கம் மாமி கனநேரம் கதைத்தா. அவ்வளவு நேரம் கதைக்க அவவிடம் என்ன பாவம் இருந்தது என்று என் கணவர் கேட்டார், கேட்டுவிட்டு அழுதார். விடிய ஐந்து மணிக்கு மாமி போய்விட்டா.

அந்தச் சுவாமியை வாகனம் வரை கூட்டிக்கொண்டு போனேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அவருடைய ஊரில் மூன்று கிளைக் கிராமங்கள் மாதம் ஒரு பூசைக்குக் காத்திருக்கின்றன என்று பிறகொரு நாள் எங்கள் வீட்டில் சோறு சாப்பிடும்போது சொன்னார். அந்தக் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமை யார் செபம் வைக்கிறார்கள் என்றேன். "எங்க உபதேசியார்தான்" என்றார். உபதேசியாருக்கு இப்போது சம்பளம் கொடுக்கக் காசு போதவில்லையாம், பிள்ளைகள் அந்த வேலைக்கு வர யோசிக்கிறார்களாம். குருவை இங்கே அனுப்புகிறது அங்கே உள்ள திருச்சபை. குருவுக்குப் பதிலாக இங்கிருந்து அங்கே ஓர் உபதேசியாரின் சம்பளமாவது போகவேண்டாமா? சவேரியார் அரசியிடமே கேட்டு வாங்கினாரே. இதை இந்தமுறை பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஜேர்மன் மொழியிலேயே கேட்டேன். குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.

எங்கள் தெருக்கோயில் திரும்பி வராது. ஆனால் நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு சின்னச் சிற்றாலயம் இருக்கிறது, நாற்பது கதிரை போடலாம். சும்மா பூட்டிக் கிடந்தது. மேலாளரிடம் போய் ஞாயிற்றுக்கிழமை திறப்பைத் தருவீர்களா என்று கேட்டேன். சமையலறைத் திறப்பை 26 வருடம் நம்பித் தந்தவர்கள், இதையும் தந்தார்கள். மூன்றாம் ஞாயிறு சுவாமி வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் நாங்கள் நாலு பேர் முறைவைத்து வழிபாடு நடத்துகிறோம். நற்கருணை கொடுப்பதில்லை, வாசகமும் செபமும் பாட்டும் மட்டும். இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். பழைய தெருக்காரர்கள் சிலர், சக்கர நாற்காலியில் இல்லத்து மூதாட்டிகள், மூன்று தமிழ்க் குடும்பங்கள், ஒரு போலந்துக்காரர். முதல் நாள் நான் வாசித்து முடித்ததும் ஒரு முதியவர் வந்து கையைக் குலுக்கினார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இன்னும் சத்தமாக" என்றார்.

போன பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் மூன்று குடும்பமும் அங்கே வியாகுலப் பிரசங்கம் வாசித்தோம். மாமியின் புத்தகம்தான், மட்டை இல்லை. இராகம் எனக்குப் பாதிதான் வரும். இரண்டு ஜேர்மன் மூதாட்டிகள் ஒன்றும் விளங்காமல் கடைசிவரை இருந்தார்கள்.

வருகிற ஞாயிறு என்னுடைய முறை. இரண்டாம் வாசகம் தெசலோனிக்கருக்கு எழுதிய மடல். அந்தப் பெயரை ஜேர்மனில் சொல்ல இரண்டு நாளாகப் பழகிக்கொண்டிருக்கிறேன். வணக்கம்.