உலக வர்த்தக அமைப்பு சொன்னால் உணவுத் தடையை நீக்கித்தான் ஆக வேண்டுமா?

அடுத்த கேள்வி: "உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்துவிட்ட நாடு, தன் மக்களுக்குக் கெடுதல் என்று நினைக்கிற உணவைக்கூட உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டுமா?" இதையே பலர் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டியதில்லை. ஆனால் ஏன் தடுத்தாய் என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

1995-ல் அந்த அமைப்பு தொடங்கியபோதே உணவு, கால்நடை, பயிர் நலத்துக்கென்று தனி ஒப்பந்தம் ஒன்றும் அமலுக்கு வந்தது. எஸ்பிஎஸ் ஒப்பந்தம் என்பார்கள். உணவுக்கான சர்வதேசத் தரங்களை வகுக்கிற கோடெக்ஸ் ஆணையத்தின் அளவை ஒரு நாடு அப்படியே எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தொல்லை இல்லை. அதைவிடக் கடுமையாக வைக்கவும் உரிமை உண்டு, ஆனால் அறிவியல்பூர்வமான ஆபத்து மதிப்பீடு வேண்டும். கோடெக்ஸ் அளவு என்றாலே கலப்படமில்லாத விஞ்ஞானம் என்று நினைத்துவிடாதீர்கள். தீவனத்தில் கலக்கிற ராக்டோபமின் மருந்து இறைச்சியில் எவ்வளவு மிஞ்சலாம் என்பதை 2012-ல் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். 69-க்கு 67. இரண்டே ஓட்டில் ஜெயித்த விஞ்ஞானம்!

சரி, மதிப்பீடு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஐரோப்பாவைப் பாருங்கள். ஹார்மோன் கொடுத்து வளர்த்த மாடுகளின் இறைச்சியை 1989 முதல் அவர்கள் இறக்குமதி செய்ய விடவில்லை. அமெரிக்காவும் கனடாவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 1998-ல் அங்கே இருந்த மேல்முறையீட்டு அமைப்பு சொன்னதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். அதிகப் பாதுகாப்பு கேட்பது ஐரோப்பாவின் உரிமைதான். பெரும்பான்மை விஞ்ஞானிகளின் கருத்தைத்தான் பின்பற்ற வேண்டும் என்றுகூட இல்லை, தகுதியுள்ளவர்களின் மாற்றுக் கருத்தையும் அரசு நம்பலாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஐரோப்பா தோற்றது என்றும் தீர்ப்பளித்தார்கள். காரணம், கொடுத்த ஆய்வுகள் ஹார்மோன்களால் புற்றுநோய் வரலாம் என்று பொதுவாகப் பேசின. அந்த இறைச்சியில் தங்குகிற எச்சம் சாப்பிடுகிறவரை என்ன செய்யும் என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை.

தோற்ற பிறகும் தடையை எடுக்கவில்லை. வந்து எடுக்கவைக்க யாருக்கும் போலீஸ் அதிகாரம் கிடையாது. ஆனால் ஜெயித்த நாடு அனுமதி வாங்கிப் பதிலடி வரி போடலாம். 1999-ல் ஆண்டுக்கு 11.68 கோடி டாலர் அளவுக்கு அமெரிக்காவுக்கு அனுமதி கிடைத்தது. வரி விழுந்தது எதன் மேல் தெரியுமா? பிரான்சின் ரோக்ஃபோர்ட் பாலாடைக்கட்டி மேல், 100 சதவீதம். மாட்டுக்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தமே இல்லாத ஆட்டுப்பால் கட்டி அது! கோபத்தில் ஜோஸே போவே என்ற விவசாயத் தலைவரும் மற்ற விவசாயிகளும் தெற்கு பிரான்சில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையைப் பிரித்துப் போட்டார்கள். கடைசியில் 2009-ல் ஹார்மோன் இல்லாத இறைச்சிக்குத் தனி ஒதுக்கீடு கொடுத்து சமரசமானார்கள். தடை அப்படியே இருக்கிறது.

அப்புறம், ஒரே மாதிரி ஆபத்துக்கு ஒரே மாதிரி அளவுகோல் வேண்டும். கனடாவின் சால்மன் மீனோடு தன் மீன்களுக்கு நோய் வந்துவிடும் என்று ஆஸ்திரேலியா தடுத்தது. அதே சமயம் தூண்டில் இரைக்கான ஹெர்ரிங் மீனையும், உயிருள்ள அலங்கார மீன்களையும் விட்டுக்கொண்டிருந்தது. அவற்றாலும் அதே ஆபத்து, இன்னும் கூடுதலாகவே இருக்கலாம். 1998-லேயே ஆஸ்திரேலியாவின் அந்த வாதமும் அடிபட்டது. என்னைக் கேட்டால், உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் சொந்த வியாபாரிகளைக் காப்பாற்றுகிறவர்கள் சிக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆதாரம் இன்னும் போதவில்லை என்றால் தற்காலிகத் தடை போடலாம். ஆனால் போட்டுவிட்டுத் தூங்க முடியாது. தகவலைத் தேடி, நியாயமான காலத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

இன்னொன்று. புது உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காததால் 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பு இயங்கவில்லை. அதனால் இன்று முதல் கட்டத்தில் தோற்கிற நாடு, கேட்க ஆளில்லாத இடத்தில் மேல்முறையீடு செய்துவிட்டு வழக்கை அப்படியே கிடப்பில் போடலாம். மேல்முறையீட்டுக்கென்று தனி ஏற்பாடு ஒன்று செய்துகொண்ட சில நாடுகளுக்கிடையே மட்டும் அந்த வழி அடைபட்டிருக்கிறது.