கரிக்கோடு போட்ட சுவர்

நேயர்களுக்கு வணக்கம். நீங்கள் வளர்ந்த தெருவைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. "அந்தக் காலத்தில் தெருவே ஒரு குடும்பமாக இருந்தது" என்று மட்டும் என் வாயில் வராது. நாங்கள் அப்படியெல்லாம் இருக்கவில்லை. விடிந்தால் தண்ணீர்ச் சண்டை, பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை வைத்துச் சண்டை. ஆனால் எந்த வீட்டில் எவ்வளவு கடன் என்பது தெருவுக்கே தெரியும். எங்களைச் சேர்த்துக் கட்டிவைத்தது பாசத்தைவிட அந்தக் கடன்தான் என்பது என் கட்சி.

வட சென்னையில், ஓட்டேரி குக்ஸ் சாலையிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. வீடு என்றால் ஒண்டுக் குடித்தனம்தான். ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம், சுற்றி ஏழெட்டுக் குடும்பம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். வீட்டுக்கு ஒருவராவது பின்னி மில்லில் இருப்பார்கள். 1876இல் பக்கிங்ஹாம், 1881இல் கர்நாடிக் என்று தனித்தனியாகத் தொடங்கி, 1920இல் ஒரே கம்பெனியானது. பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்த மில். எங்கள் தெருவில் கடிகாரம் இல்லாத வீடு உண்டு, மில் சங்கு கேட்காத வீடு கிடையாது. உலை வைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவது எல்லாம் சங்கை வைத்துத்தான்.

எங்கள் நைனா தறி ஓட்டியவர். தறிக் கொட்டகைக்குள் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். இருபது வருடம் அப்படி இருந்தவருக்கு வீட்டிலும் அதே பழக்கம். சாதாரணமாக "சோறு போடு" என்று சொன்னாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். புதிதாகக் குடி வந்தவர்கள், இவர் பெண்டாட்டியோடு ஓயாமல் சண்டை போடுகிறார் என்று நினைத்துவிடுவார்கள்.

இதில் ஒரு வசதியும் இருந்தது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால், எதிரே அடிபம்பில் தண்ணீர் அடிக்கும் பெண்கள் என்ன பேசுகிறார்கள் என்று அங்கிருந்தே படித்துவிடுவார். அம்மாவிடம் வந்து, "மூன்றாவது வீட்டில் வளையலை அடகு வைத்திருக்கிறார்கள், அவர் வீட்டுக்காரருக்குத் தெரியாதாம்" என்பார். ரகசியம்தான். ஆனால் அவர் குரலில் சொன்னால் அது எப்படி ரகசியமாக இருக்கும்? கொஞ்ச நாளில் விஷயம் புரிந்துபோய், நைனா திண்ணைக்கு வந்தாலே பம்படியில் எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தார்கள்.

கடன் என்று வந்தால் இட்லி ஆயாவிடம்தான் தொடங்க வேண்டும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஆயாவிடம் நாலு இட்லி தின்றுவிட்டு, காசு கொடுக்காமல் ஓடுவார்கள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுப்புக் கரியை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போடுவார். ஆளுக்கு ஒரு இடம். நைனாவின் இடம் ஜன்னலுக்குக் கீழே. கோட்டுக்குப் பக்கத்தில் பேருக்குப் பதில் ஒரு அடையாளம்: பீடி பிடிப்பவருக்கு ஒரு சின்னக் கோடும் புள்ளியும், சைக்கிள் வைத்திருப்பவருக்கு இரண்டு வட்டம். சம்பளத்தன்று பணம் வந்ததும் ஈரத்துணியால் துடைப்பார். பொங்கலுக்கு வீட்டுக்காரர் வெள்ளை அடிக்க ஆள் அனுப்பினால், அந்தச் சுவரின் பக்கமே ஆயா விடமாட்டார். மூன்று சுவர் வெள்ளை, ஒரு சுவர் கறுப்பு. அது அவருடைய பேங்க்.

போகிற வருகிற யாரும் அந்தச் சுவரைப் படிக்கலாம். ஒருவருடைய கோடு ஜன்னலைத் தாண்டி மேலே ஏறினால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அம்மா ஒரு படி அரிசியை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். அன்று காலையில்தான் அதே வீட்டு அத்தையோடு குடத்தை வைத்து அடித்துக்கொண்டிருப்பார். இரண்டும் வேறு வேறு கணக்கு.

தாத்தா காலத்தில், வட்டிக்குக் கடன் கொடுத்த ஈட்டிக்காரர்கள் சம்பள நாளில் மில் வாசலில் காத்திருப்பார்களாம். சங்கம் பிறந்ததும் அதே பேட்டையில்தான். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. தலைவர் பி.பி.வாடியா, திரு.வி.க. துணை நின்றார். ஆனால் முதலில் ஓடியாடி ஆட்களைச் சேர்த்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் மில் தொழிலாளிகள் இல்லை, வியாபாரிகள். எனக்கு அதில் ஆச்சரியமே கிடையாது. தொழிலாளி வீட்டு நிலவரம் கடைக்காரருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

1921 வேலைநிறுத்தத்தைப் பற்றித் தாத்தா அதிகம் பேசமாட்டார். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் திரும்பவில்லை. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு வரை போனது. அந்தக் காயம் என் சின்ன வயதிலும் ஆறியிருக்கவில்லை. எங்கள் தெருவில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்க எல்லா வீட்டிலும் கேழ்வரகு வாங்குவார்கள், ஒரே அண்டாவில் காய்ச்சுவார்கள். ஆனால் அண்டாவில் துடுப்புப் போட யாரை விடுவது என்பதில் வருடா வருடம் முணுமுணுப்பு. ஒரு வீட்டுக்காரர்கள் கேழ்வரகு கொடுப்பார்கள், கூழ் மட்டும் வாங்க மாட்டார்கள். இட்லி ஆயா அவர்களைப் பார்த்து, "என் கடனு மட்டும் உள்ள எறங்குது, கூழு எறங்கலியா?" என்று நடுத்தெருவில் கேட்டார். பதில் வரவில்லை.

1996இல் மில் மூடியது. நைனாவைப் போன்றவர்கள் ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள், சிலர் ஆட்டோ ஓட்டினார்கள். வீட்டைத் தூக்கி நிறுத்தியது பெண்கள்தான்: ஊதுபத்தி உருட்டினார்கள், அண்ணா நகர்ப் பக்கம் வீட்டு வேலைக்குப் போனார்கள். மூடிய மில்லுக்குள் சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. நைனா டிவியில் சண்டைக் காட்சியைப் பார்த்து, "அடியாள் விழுகிற இடம் எங்கள் டிபார்ட்மென்ட்" என்று கத்துவார். அப்புறம் அந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பின.

இப்போது எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. சண்டை குறைந்துவிட்டது, அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. அதிகாலையில் குடத்தோடு வரிசையில் நின்றவளுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். கடன் மட்டும் போனுக்குள் போய்விட்டது. எங்கள் உறவில் ஒரு பையன் ஏதோ ஒரு ஆப்பில் பணம் வாங்கி, அதைக் கட்ட இன்னொரு ஆப்பில் வாங்கி, மூன்றாவது மாதம்தான் அவன் அம்மாவுக்கே தெரிந்தது. பக்கத்து வீட்டுக்கு இன்று வரை தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும் என்று, யாரிடமும் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். நான் வானொலியில் சொல்லிவிட்டேன். பேரைச் சொல்லவில்லை, அதனால் பரவாயில்லை. வணக்கம்.